புழுவின் ஆயுளைக் கணக்கிட்ட ஊர்

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு மனித உடலுக்குள் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கு விடை தெரியாமல் அந்த நோயை ஒழிக்கத் திட்டம் போட முடியாது. எத்தனை ஆண்டு மாத்திரை கொடுப்பது, எத்தனை ஆண்டு கொசுவை அடக்கி வைப்பது, எப்போது நிறுத்துவது என்று எல்லாமே அந்த ஓர் எண்ணைப் பொறுத்தவை. உயிரோடிருக்கும் ஒருவரின் நிணநீர்க் குழாய்க்குள் நூல்போல் சுருண்டு கிடக்கும் புழுவை வெளியே எடுத்து வயது பார்க்க வழியில்லை. அதைச் சுற்றுவழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடிக்க உலகத்துக்கு உதவிய ஊர்களில் முக்கியமானது புதுச்சேரி. அந்த ஆய்வு நடந்தது நகரத்தில். ஆனாலும் புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவுகளில் ஒன்றான நெட்டப்பாக்கம் கொம்யூனில் இருக்கும் பண்டசோழநல்லூர் போன்ற ஊர்களுக்கு அது அன்றைவிட இன்று அதிகம் பொருந்துகிறது.

1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. வி.சி.ஆர்.சி. என்றால்தான் உள்ளூரில் தெரியும். அதன் இயக்குநராக வந்த பி.கே. ராஜகோபாலன் அதற்குமுன் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் உண்ணிகளின் பின்னால் அலைந்து குரங்குக் காய்ச்சலை ஆராய்ந்தவர். நோயைப் படிக்க வேண்டுமானால் அது இருக்கும் இடத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்ற பழக்கம் அங்கேயே வந்துவிட்டது. புதுச்சேரியில் போய் உட்கார வேண்டிய இடம் சாக்கடை ஓரம். தெருவுக்கு இருபுறமும் திறந்த வாய்க்கால், வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் குழி, பாழுங்கிணறு. குலெக்ஸ் குயின்க்யுபேசியாட்டஸ் என்ற சாக்கடைக் கொசுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் வாழ்க்கையிலிருந்துதான் வருகிறது. உச்செரேரியா பான்கிராப்டி என்பது பெயர். பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் வரும். ஆண் அதில் பாதி. இரண்டும் நிணநீர்க் குழாய்களில் சேர்ந்து வாழ்ந்து, கால் மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்புழுக்களை ஆயிரக்கணக்கில் ரத்தத்துக்குள் விடுகின்றன. இந்த நுண்புழு மனித உடலில் எவ்வளவு காலம் கிடந்தாலும் வளர்ந்த புழுவாக மாறாது. கொசு அதை உறிஞ்ச வேண்டும். கொசுவுக்குள் பத்துப் பதினைந்து நாள் வளர்ந்து, மூன்றாம் நிலைக்கு வந்து, கொசு மறுபடி கடிக்கும்போது அதன் தூம்பிலிருந்து வெளியேறி நம் தோலில் விழ வேண்டும். மலேரியாக் கிருமியைக் கொசுவே ஊசி போட்டதுபோல் தோலுக்குள் செலுத்திவிடும். இந்தப் புழுவுக்கு அந்த வசதி இல்லை. தோலில் விழுந்த இடத்திலிருந்து ஊர்ந்து, கொசு குத்திய துளையைத் தேடி நுழைய வேண்டும். பெரும்பாலானவை காய்ந்து செத்துப்போகும். 1968இல் ஹேர்ஸ்டன், டி மெய்லன் என்ற இருவர் ரங்கூன் நகரத்துத் தரவை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவருடைய ரத்தத்தில் நுண்புழு தென்படும் அளவுக்குத் தொற்று நிலைபெற, புழு சுமந்த கொசு ஏறத்தாழ 15,500 முறை கடித்திருக்க வேண்டும் என்று வந்தது. ஒரு கடி, இரண்டு கடியில் வரும் நோயில்லை இது. ஒரே ஊரில், ஒரே வீட்டில், ஆண்டுக்கணக்கில் கடி வாங்கியவருக்குத்தான் வருகிறது. ஏழைகளின் நோயாக அது நீடித்ததற்கும், அதை ஒழிக்க முடியும் என்று நம்பியதற்கும் காரணம் இந்த ஒரே எண்தான்.

நுண்புழு ரத்தத்தில் எல்லா நேரமும் கிடைக்காது. பகலில் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் தங்கிவிட்டு, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை தோலோரத்து ரத்தத்துக்கு வருகிறது. சாக்கடைக் கொசு கடிப்பதும் அந்த நேரத்தில்தான். 1877இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் இந்தப் புழு கொசுவுக்குள் வளர்வதைக் கண்டார். ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாவைக் கண்டறிவதற்கு இருபது ஆண்டு முன்பு அது. 1881இல் லண்டனில் ஸ்டீபன் மெக்கென்சி ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்துப் பார்த்தார். புழுவும் நேரத்தை மாற்றிக்கொண்டது! அது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, நம் தூக்கத்தைப் பார்க்கிறது. உடல் ஓய்ந்திருக்கும்போது நுரையீரலுக்குள் வரும் ரத்தத்துக்கும் வெளியேறும் ரத்தத்துக்கும் இடையே ஆக்சிஜன் அழுத்த வேறுபாடு மாறுகிறது. அந்த வேறுபாட்டை உணர்ந்துதான் நுண்புழு தங்குவதா கிளம்புவதா என்று நடந்துகொள்கிறது என 1960களில் விளக்க முயன்றவர் பிராங்க் ஹாக்கிங். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை. உயிரியலாளர் ஒருவர் வாயு அழுத்தத்தில் விடை தேடியதை நான் முக்கியமாக நினைக்கிறேன். யானைக்கால் ஆய்வில் எந்தத் துறையும் தன் வேலிக்குள்ளேயே நின்றதில்லை.

இதனால்தான் ரத்தம் எடுக்க இரவில் வந்தார்கள். எட்டு மணிக்கு மேல், சாப்பிட்டுப் படுக்கப் போகும் வேளையில், கண்ணாடித் தகடும் ஊசியும் விளக்குமாக வாசலில் வந்து நிற்பவர்களுக்குக் கதவைத் திறப்பது எளிதான காரியமில்லை. குழந்தையை எழுப்ப வேண்டும். விரல் நுனியில் குத்தி இருபது கன மில்லிமீட்டர் ரத்தம் எடுத்துத் தகட்டில் தடவிக் காயவைத்து, மறுநாள் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஒவ்வொரு புழுவாக எண்ணுவார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவரிடம் போய், "உங்கள் ரத்தத்தில் புழு இருக்கிறது" என்று சொல்ல வேண்டியிருக்கும். நுண்புழு நிறைய இருப்பவருக்குப் பெரும்பாலும் கால் வீங்கியிருக்காது. கால் வீங்கியவரின் ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இருக்காது. சின்ன வயதில் தொற்றி, நெறி கட்டிக் காய்ச்சலாக வந்து வந்து போய், நாற்பது வயதுக்கு மேல் கால் பருத்தோ விரைவீக்கமாகவோ வெளியே தெரியும்போது புழு எப்போதோ செத்திருக்கும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி. இந்த இடைவெளிதான் நோயின் பலம். சாக்கடையை மூடினால் ஆனைக்கால் வராது என்று ஒருவர் தம் கண்முன்னே பார்த்து நம்ப வேண்டுமானால் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும்.

1981 முதல் 1985 வரை ஐந்து ஆண்டுகள் வி.சி.ஆர்.சி. புதுச்சேரி நகரில் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. தொடங்கியபோது இரவு ரத்தப் பரிசோதனையில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் நுண்புழு இருந்தது. திட்டத்தின் அடிப்படை, மருந்தடிப்பதைக் கடைசிக்குத் தள்ளுவது. வாய்க்காலின் வாட்டத்தைச் சரிசெய்து தண்ணீரை ஓட விடுவது, பள்ளத்தைத் தூர்ப்பது, செடிகொடியை அகற்றுவது, கிணற்றில் கொசுப்புழு தின்னும் மீனை விடுவது, குழியை மூடச் சொல்வது, மீறினால் சட்டத்தைக் காட்டுவது. இதில் பாதி வேலை பொறியாளருடையது, மீதியில் பாதி நகராட்சித் தொழிலாளருடையது. ஆனால் எந்தக் குழியில் எந்த மாதத்தில் எத்தனை கொசுப்புழு என்று வாராவாரம் கரண்டியால் மொண்டு எண்ணிக் கொடுத்தவர்கள் விஞ்ஞானிகள். எண்ணிப் பார்க்காமல் கட்டுப்படுத்த முடியாது என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்.

கடி வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் தொற்று தெளிவாகக் குறைந்தது. புதிதாகப் புழு ஏறுவது தடைப்பட்டுவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பெரியவர்களிடம் அவ்வளவு வேகமாகக் குறையவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் தோல்வி மாதிரித் தெரியும். ஆனால் அந்தப் பெரியவர்களின் ரத்தத்தில்தான் உலகம் தேடிக்கொண்டிருந்த விடை இருந்தது. புதிய புழு உள்ளே வருவது நின்றுவிட்டால், ரத்தத்தில் இருப்பதெல்லாம் பழைய புழுக்களின் பிள்ளைகள். பழையவை ஒவ்வொன்றாகச் சாகும் வேகத்தில் எண்ணிக்கை இறங்கும். அதே ஆட்களிடம் சில ஆண்டு இடைவெளிவிட்டு மறுபடி ரத்தம் எடுத்தால், எத்தனை பேர் தொற்றிலிருந்து விடுபட்டார்கள் என்பதிலிருந்து புழுவின் ஆயுளைப் பிடித்துவிடலாம். கதிரியக்கத் தனிமம் ஒன்றின் அரை ஆயுளை இயற்பியலாளர் கணக்கிடும் முறையும் இதுதான். எந்த அணு எப்போது சிதையும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கூட்டத்தில் எத்தனை மிச்சம் என்பது சரியாகத் தெரியும்.

பி. வனமெயிலும் உடனாய்வாளர்களும் 1996இல் இப்படிப் புதுச்சேரித் தரவைப் பகுத்து, பெண் புழு நுண்புழு ஈனும் காலம் சராசரி 5.4 ஆண்டு என்று மதிப்பிட்டார்கள். அத்தோடு முடியவில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து லிம்பாசிம் என்ற கணினி மாதிரி உருவானது. புதுச்சேரி போன்ற ஒரு கற்பனை ஊரைக் கணினிக்குள் உருவாக்கி, அதில் ஒவ்வொரு மனிதரும் பிறந்து, கடி வாங்கி, புழு சுமந்து, வயதாகிச் சாகும்படி ஓடவிடுவது அதன் வழி. எஸ். சுப்பிரமணியனும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட பகுப்பாய்வில் புழுவின் ஆயுள் சுமார் பத்து ஆண்டு என்று வந்தது. ஒரே ஊரின் ரத்தத்திலிருந்து ஐந்தும் வருகிறது, பத்தும் வருகிறது! காரணம், கட்டுப்பாட்டுக் காலத்திலும் கொஞ்சம் கடி நடந்துகொண்டுதான் இருந்தது. அதை எப்படிக் கணக்கில் எடுக்கிறோம், நுண்புழு மிகக் குறைவாக இருக்கும்போது ஊசி முனை ரத்தத்தில் சிக்காமல் போவதை எப்படிச் சரிசெய்கிறோம், புழுக்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சாகின்றனவா என்ற அனுமானங்கள் மாறினால் விடையும் நகரும். இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அனுமானத்தை வெளிப்படையாக வைத்துவிட்டுக் கணக்குப் போடுவதுதான் அறிவியலில் நேர்மை.

இரண்டு எண்களுக்கும் நடைமுறையில் எவ்வளவு வித்தியாசம் என்று எளிய கதிரியக்கக் கணக்கை வைத்தே பார்க்கலாம். சராசரி ஆயுள் 5.4 ஆண்டு என்றால், கொசுவை ஐந்து ஆண்டு முழுவதுமாகத் தடுத்து வைத்த பிறகும் நூற்றில் நாற்பது புழு மிச்சமிருக்கும். பத்து ஆண்டு என்றால் அறுபது மிச்சம். எந்த எண்ணை எடுத்தாலும், நமக்குப் பழக்கமான ஐந்தாண்டுத் திட்டம் முடிந்து விழா நடக்கும் நாளில் புழுவின் கூட்டம் இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. திட்டம் நின்று கொசு திரும்பினால் எடுத்துப் பரப்ப ஆள் தயார். நம் நிதியாண்டுகளும் திட்டக் காலங்களும் புழுவின் ஆயுளைவிடக் குட்டையானவை. யானைக்காலை ஒழிப்பதில் நாம் திரும்பத் திரும்பத் தடுமாறியதற்கு இதைவிட அடிப்படையான காரணம் எனக்குத் தெரியவில்லை.

யானைக்காலுக்கான தேசிய பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இலேயே தொடங்கிவிட்டது. டி.ஈ.சி. என்ற மாத்திரை அதற்கும் முன்பே, 1947இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது நுண்புழுவை வேகமாக அழிக்கும். வளர்ந்த புழுவை அவ்வளவு எளிதில் கொல்லாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கே கொடுத்து, நுண்புழு தலைதூக்காமல் பார்த்துக்கொண்டே, வளர்ந்த புழு தானாகச் சாகும்வரை காத்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2000இல் தன் ஒழிப்புத் திட்டத்துக்கு வைத்த கணக்கின் பின்னால் நிற்பது புழுவின் ஆயுளைப் பற்றிய இத்தகைய மதிப்பீடுகளே. இந்தியாவில் 2004 முதல் நாடளவில் ஆண்டு மாத்திரை வழங்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் எத்தனை பேர், விழுங்கியவர்கள் எத்தனை பேர் என்று போய்க் கேட்ட ஆய்வுகள் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருப்பதைக் காட்டின. மாத்திரைக்குப் பதில் உப்பிலேயே டி.ஈ.சி. கலந்து கொடுக்கும் யோசனையை 1960களில் பிரேசிலில் முயன்று பார்த்தவரும் அதே பிராங்க் ஹாக்கிங்தான். 1980களில் காரைக்காலில் மருந்து கலந்த உப்பை ஊர் முழுதும் கொடுத்துப் பார்த்தபோது தொற்று நன்றாகவே குறைந்தது. சீனம் அந்த வழியில் பெரிய அளவில் போய், 2007இல் நோயை ஒழித்த நாடாக அங்கீகாரம் பெற்றது. காரைக்கால் உப்பு காரைக்காலோடு நின்றுபோனது வருத்தமானது. சமையலறை வழியாகப் போகும் மருந்துக்கு யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

நகரத்திலிருந்து கிராமத்துக்கு வருவோம். யானைக்கால் சாக்கடையின் நோய் என்பதால் அதை நகரத்து விவகாரமாகவே வெகுகாலம் பார்த்தார்கள். ஆனால் புதுச்சேரிக்கு மேற்கே விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் கே.டி. ராமையாவும் வி.சி.ஆர்.சி. குழுவினரும் ஆண்டுக்கணக்கில் செய்த ஆய்வு, வயலும் ஏரியும் சூழ்ந்த ஊர்களிலும் புழு வேரூன்றியிருப்பதைக் காட்டியது. ஆறு சுற்று மாத்திரை கொடுத்த பிறகும் தொற்று மிகக் குறைந்ததே தவிர, முழுதாக மறையவில்லை. நோயால் ஏற்படும் பண இழப்பையும் அதே குழு கணக்கிட்டது. காய்ச்சலில் படுத்துவிடும் நாள்கள், கால் கனத்து நாற்றுநட முடியாமல் போவது, கிடைக்கும் பாதிக் கூலி, வைத்தியச் செலவு எல்லாம் சேர்த்தால் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 80 கோடி டாலருக்கு மேல். அந்தத் தொகை பெரும்பாலும் விவசாயக் கூலியாட்கள், நெசவாளர்கள் போன்றவர்களின் மடியிலிருந்து போவது.

திருக்கோவிலூர் வட்டாரத்தில் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் செய்த பரிசோதனை இன்னொரு முக்கியமான செய்தியைச் சொன்னது. சில ஊர்களில் மாத்திரை மட்டும், சில ஊர்களில் மாத்திரையோடு கொசுக் கட்டுப்பாடும். கட்டுப்பாடு என்றால் கிணற்றில் மீன், கழிவுநீர்க் குழியில் தெர்மாகோல் மணி. இந்த மணி வேலை செய்யும் விதம் பள்ளிக்கூட இயற்பியல். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கி, வால்பக்கத்துக் குழாயைத் தண்ணீரின் மேற்பரப்பில் நீட்டி மூச்சு விடுகிறது. பரப்பு இழுவிசைதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. குழியின் மேல் தெர்மாகோல் மணிகளை ஒரு விரற்கடைக் கனத்துக்கு மிதக்கவிட்டால் மூச்சுக்குழாயை நீட்ட இடமில்லை. பெண் கொசுவுக்கு முட்டையிடத் தண்ணீரும் தெரியாது. நஞ்சில்லை, எதிர்ப்புத்திறன் வளர வழியில்லை, மூடிய குழியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். சான்சிபார் தீவின் மகுண்டுச்சியிலும் 1980களின் இறுதியில் இதே முறை வென்றது. திருக்கோவிலூரில் மாத்திரை நின்ற பிறகும் கொசுவைக் கட்டுப்படுத்திய ஊர்களில் பலன் நிலைத்தது. மாத்திரையை மட்டும் நம்பிய ஊர்களில் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. 2007இல் இந்த முடிவுகள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தன.

எதிர்ப்புத்திறன் என்று சொன்னதால் ஒரு எச்சரிக்கை. பாசில்லஸ் ஸ்பெரிகஸ் என்ற பாக்டீரியாவைத் தூவினால் கொசுப்புழு அதைத் தின்று சாகும். உயிரி மருந்து என்பதால் பெரிய நம்பிக்கை இருந்தது. கொச்சியில் இரண்டு ஆண்டு தொடர்ந்து தூவிய இடத்தில் கொசு அதை 150 மடங்கு தாங்கப் பழகிவிட்டது என்று 1995இல் தெரியவந்தது. இயற்கையிலிருந்து எடுத்தது என்பதற்காக இயற்கை அதற்கு விலக்குக் கொடுப்பதில்லை. ஒரே ஆயுதத்தைத் திரும்பத் திரும்ப வீசினால் பரிணாமம் பதில் சொல்லும். வாய்க்காலின் வாட்டத்துக்கு மட்டும் எந்தக் கொசுவும் எதிர்ப்புத்திறன் வளர்க்க முடியாது.

கிராமத்தில் இருப்பது சாக்கடைக் கொசு மட்டுமில்லை; நெல் வயலின் கொசு வேறு வகை. குலெக்ஸ் ட்ரைடேனியோரிங்கஸ் என்ற அது மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் இனங்காணப்பட்டது 1955இல், வேலூரில். வயல் தண்ணீரை ஒரேயடியாக வடித்துவிடவும் முடியாது, விஷம் ஊற்றவும் முடியாது. மதுரை மையத்தின் ஆய்வாளர்கள் அங்கே உழவரிடமிருந்தே இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, காய்ச்சலும் பாய்ச்சலும். தண்ணீர் கட்டி, காயவிட்டு, மறுபடி பாய்ச்சினால் கொசுப்புழு வளர்ந்து கூட்டுப்புழுவாகும் முன் வயல் காய்ந்துவிடும். இரண்டாவது, வேப்பம் புண்ணாக்கு கலந்த யூரியா. வேம்பின் சேர்மங்கள் மண் பாக்டீரியாவின் வேலையை மெதுவாக்கி, தழைச்சத்து வீணாகாமல் பயிருக்குக் கிடைக்கச் செய்கின்றன. அதே சேர்மங்கள் கொசுப்புழுவின் வளர்ச்சியையும் கெடுக்கின்றன. 1990களில் வெளிவந்த அந்த ஆய்வுகளில் நீர் மேலாண்மையோடு சேர்த்தபோது கொசு குறைந்தது, விளைச்சலும் கூடியது. உழவர் ஒப்புக்கொள்ள விளைச்சல்தான் காரணமாகும், கொசு இல்லை. 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது. புண்ணாக்கு செய்த வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. கொசுவை ஒழிப்பதோடு மக்களுக்கு ஆதாயத்தையும் சேர்க்கும் இதே அணுகுமுறையைப் புதுச்சேரியின் கடலோர ஊர்களிலும் வி.சி.ஆர்.சி. முயன்றது. மலேரியாக் கொசு ஒளிந்து வளர்ந்த பச்சைப் பாசியை ஊரார் அள்ளி எடுக்க, அந்தப் பாசியைக் கொண்டு காகிதம் செய்தார்கள். அள்ளுவதற்கு ஒரு வருமானம் இருந்தவரை குளம் சுத்தமாக இருந்தது.

இன்று பண்டசோழநல்லூர் பக்கம் போனால் பழைய புதுச்சேரி நகரத்தின் நிலைமை சின்ன அளவில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டி, வீட்டுக்கு வீடு குழாய், வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நல்ல மாற்றம்தான், அதற்காக மக்கள் போராடியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழி சரியாக அமையாத தெருவில், சிமென்ட் வாய்க்கால் பாதியில் நின்று தேங்குகிறது. செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வலையில்லாமல் திறந்திருக்கிறது; அந்த ஒரு குழாய் வழியாக ஒரு தெருவுக்கே போதுமான சாக்கடைக் கொசு வெளியேறும். ஒரு துண்டு கொசுவலையும் ஒரு கட்டுக் கம்பியும் போதும் அதை அடைக்க. கரும்பும் நெல்லும் விளையும் ஊரில் வயல் கொசுவும் உண்டு, தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் உண்டு. வி.சி.ஆர்.சி. இன்று உல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கி ஆய்ந்துவருகிறது. அத்தகைய கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவது தடைப்படும். 2022இல் அந்தக் கொசு வகைகள் தயாரானதாக மையம் அறிவித்தது. வெளியே விடுவதற்குமுன் ஊராரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் புரிதலிலிருந்து வர வேண்டும்.

அறிவியல் கல்வியைப் பற்றி இங்கே பேசாமல் முடியாது. ராத்திரி ரத்தம் எடுக்க ஏன் வருகிறார்கள் என்று ஒரு பத்து வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். புழுவின் நேரம், கொசுவின் நேரம், நம் தூக்கம், நுரையீரலின் ஆக்சிஜன் என்று உயிரியலும் இயற்பியலும் ஒரே கேள்விக்குள் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் இதெல்லாம் தனித்தனி அத்தியாயம். புதுவை அறிவியல் இயக்கமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் 1987 முதல் சேர்ந்து நடத்தும் துளிர் இதழும், 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் இந்தச் சுவரைத் தட்டிப் பார்த்த முயற்சிகள். அந்த மாநாட்டுக்கு ஆய்வறிக்கை கொண்டுபோகும் குழந்தைகள் தம் ஊரைத்தான் ஆராய வேண்டும். தெருவில் எத்தனை காற்றுக் குழாய், எத்தனைக்கு வலை, எந்த வாய்க்காலில் ஒரு கரண்டித் தண்ணீரில் எத்தனை கொசுப்புழு என்று ஒரு பள்ளி மாதாமாதம் எண்ணிப் பதிந்தால், 1981இல் வி.சி.ஆர்.சி. செய்த வேலையின் முதல் படியை அந்தப் பிள்ளைகள் செய்கிறார்கள். ஒரு வகுப்பு மேலே போனதும் அடுத்த வகுப்பு அதே நோட்டைத் தொடர வேண்டும். அதுதான் கடினம். ஒரே ஆண்டில் பரிசு வாங்கும் திட்டமாக அது முடிந்துவிட்டால், புழுவின் ஆயுளைப் பிடிக்கும் பொறுமை நம் பள்ளிகளில் பழகாது.

நாடளவில் யானைக்கால் நோயை ஒழிக்க 2027 என்று கெடு வைத்திருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திய பகுதிகளில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம் பரிசோதனை செய்து, புதிய தொற்று இல்லை என்று இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப உறுதிசெய்கிறார்கள். புதுச்சேரியின் கொம்யூன்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. நெட்டப்பாக்கமும் பாகூரும் வில்லியனூரும் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு தெருவின் இந்த முனை புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு. இரண்டு அரசுகள், இரண்டு சுகாதாரத் துறைகள், இரண்டு பதிவேடுகள். கொசு ஒன்றுதான். கரும்பு வெட்டவும் கட்டட வேலைக்கும் ஆட்கள் தினமும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வருகிறார்கள்.

கொசுவையே பிடித்து, அரைத்து, அதற்குள் புழுவின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் முறையை வி.சி.ஆர்.சி. தமிழ்நாட்டில் களத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறது. யாரையும் இரவில் எழுப்ப வேண்டாம். விரலில் குத்த வேண்டாம். வீட்டுக்கு வெளியே பொறி வைத்து, மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போகலாம். எல்லையின் இருபுறத்து ஊர்களையும் ஒரே பகுதியாக எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும், பத்து ஆண்டுக்குக் குறையாமல் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. பத்து என்ற எண் புதுச்சேரிக்காரர்களின் ரத்தத்திலிருந்து கிடைத்தது. அதற்கு வேண்டிய பொறியும் ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆட்களும் புதுச்சேரி இந்திரா நகரில், வி.சி.ஆர்.சி.யில் இருக்கிறார்கள். இரண்டு சுகாதாரத் துறைகளும் ஒரே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.